பாக்கிடெர்மாவா, இன்கொம்ப்டாவா, குட்டி டுடெர்ட்ரையா: ரெண்டு கடல் கோர்ல வந்த பெயர்க் குழப்பம் பத்தி ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது ஒரு மைக்ரோஃபாசில் (கண்ணுக்குத் தெரியாத பொடிப் புதைபடிவம்) லேப்ல நடந்தது. யார் பேரும் வேண்டாம், லேப் பேரும் வேண்டாம்னு சம்பந்தப்பட்ட எல்லாரும் உக்காந்து பேசி ஒத்துக்கிட்ட பிறகுதான் எழுதுறேன். மொத்தம் மூணு பேர். எண்ணிக்கை வேலைய செஞ்சது ஒரு பிஎச்டி ஸ்டூடண்ட். வழிகாட்டி ஒரு சீனியர், அவர் வாழ்நாள் பூரா தெற்குப் பெருங்கடல் ஃபோராமினிஃபெராவுலயே வேல செஞ்சவர். நான் பின்னாடி ரெண்டாவது ஆளா எண்ண வந்தவ. கடைசில ரேடியோலேரியா (சிலிக்கா ஓடு கட்டுற பொடி உயிரி) பாக்குற நண்பர் ஒருத்தரும் சேந்தார்.

இந்தப் பக்கம் புதுசா வர்றவங்களுக்காக ரெண்டு வார்த்தை. மிதவை ஃபோராம்ங்கறது (முழுப் பேரு ஃபோராமினிஃபெரா) ஒரே ஒரு செல் உள்ள உயிரி, கடல்ல மேல்மட்டத்துல மிதக்கும், தனக்குன்னு சுண்ணாம்புல ஒரு ஓடு கட்டிக்கும், வளர வளர ஒவ்வொரு அறையா சேத்துக்கிட்டே போகும். செத்ததும் ஓடு அடியில போய் சேரும். இப்ப உயிரோட இருக்கறத வெளித்தோற்றத்த வச்சுப் பிரிச்சா ஏறக்குறைய 50 இனம்தான் தேறும். வெப்பக் கடல்ல ஒரே சாம்பிள்ல 20 இனத்துக்கு மேல பாக்கலாம், துருவம் பக்கம் போகப் போக அது கொறஞ்சுக்கிட்டே வந்து கடைசில நியோகுளோபோகுவாட்ரினா பாக்கிடெர்மா மட்டும்தான் கிட்டத்தட்ட தட்டு முழுக்க நிக்கும். தெற்குல இந்த பாக்கிடெர்மா கடல் பனிக்கட்டிக்குள்ள இருக்குற உப்புத்தண்ணி இடுக்குலயே உயிரோட இருந்திருக்கு, வெட்டல் கடல் பக்கம் பனிக்கட்டிய உருக்கிப் பாத்து கண்டுபிடிச்சிருக்காங்க. எனக்கு இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்த இனத்து மேல தனிப் பாசம் உண்டு.

எங்க கைல ரெண்டு கோர், அதாவது கடலடிப் படிவுல குழாய எறக்கி அப்படியே தூணா எடுத்தது. ஒண்ணு இந்தியப் பெருங்கடல்ல நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்துல எடுத்தது, இன்னொண்ணு அதே கடலோட தெற்குல, துணைத்துருவப் பகுதில எடுத்தது. கேள்வி ரொம்ப நேரடியானது: கடந்த 2 லட்சம் வருஷத்துல துருவப் பக்க ஃபோராமும் வெப்பக் கடல் ஃபோராமும் ஒரே நேரத்துல மாறுச்சா, அதோட நியோகுளோபோகுவாட்ரினா கிளையில (பாக்கிடெர்மா, இன்கொம்ப்டா, டுடெர்ட்ரை மூணும் இதுல வரும்) உருவ மாற்றம் ஏதாவது நடந்திருக்கா.

பெயர்ப் பட்டியல் சீனியரோடது. பல வருஷமா தெற்குப் பெருங்கடல் சாம்பிளுக்குப் பயன்படுத்துனது, அதுல இந்தக் கிளைக்கு நாலு கட்டம் இருந்துச்சு: பாக்கிடெர்மா இடது, பாக்கிடெர்மா வலது, பி-டி (பாக்கிடெர்மா-டுடெர்ட்ரை) இன்டர்கிரேட், அப்புறம் வெப்பக் கடல் இனமான டுடெர்ட்ரை. மூணாவதா இருக்கற அந்த இன்டர்கிரேட் கட்டம் 1970-கள்ல பனியுகக் கடலோட வெப்பநிலைய கணக்குப் போட்ட கிளைமேப் திட்டக் காலத்துல புழக்கத்துக்கு வந்தது. பாக்கிடெர்மாவா டுடெர்ட்ரையான்னு சொல்ல முடியாததெல்லாம் அதுக்குள்ள போகும். சல்லடையும் அவர் வழக்கப்படி 125 மைக்ரான்தான், ஏன்னா 150 போட்டா டர்போரோடாலிட்டா குயின்குலோபா மாதிரி பொடி இனம் எல்லாம் ஓடிப்போயிரும், குளிர் கடல்ல அது பெரிய இழப்பு. சாம்பிள் ஒண்ணுக்கு கொறஞ்சது 300 ஓடு. ரெண்டு கோருக்கும் ஒரே பட்டியல், ஒரே சல்லடை. அப்பதான ஒப்பிட முடியும்னு எல்லாருக்கும் பட்டுச்சு, எனக்கும்தான்.

இடது வலது கத

இத சொல்லாம மேல போனா புரியாது. இந்த ஓடு ஒரு சுருள். சுருள் பக்கத்த மேல வச்சு பாத்தா அறைகள் கடிகார முள்ளு போற திசையில கூடிக்கிட்டு போனா வலது, எதிர்ப்பக்கம் போனா இடது. பாக்கிடெர்மால குளிர் தண்ணில இடதும், கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணில வலதும் நெறைய இருக்குன்னு 1959-ல எரிக்சன் எழுதுனார். அதுக்கப்புறம் பல பத்து வருஷம் இது ஒரே இனம், வெப்பநிலைய பொறுத்து திரும்பிக்குதுன்னுதான் பெரும்பாலானவங்க எடுத்துக்கிட்டாங்க.

டிஎன்ஏ வந்த பிறகு கத மாறிருச்சு. 2006-ல கேட் டார்லிங்கும் கூட இருந்தவங்களும் இது ரெண்டும் தனித்தனி இனம்னு காட்டி, வலது பக்கம் சுத்தறத இன்கொம்ப்டான்னு கூப்பிடணும்னு சொன்னாங்க, அந்தப் பேரு சிஃபெல்லி 1961-லயே வச்சது. ரெண்டு இனத்துலயும் எதிர்த்திசையில சுத்தற ஓடு ஒரு சில சதவீதம் வரும், ஆனா அது வெப்பநிலையால வர்றது கிடையாது. அதுக்கு முன்னாடியே, ஆர்க்டிக் பக்கம் இருக்கற இடது பாக்கிடெர்மாவும் தெற்குல இருக்கறதும் மரபு ரீதியா பிரிஞ்சு போயிருக்குன்னும் காட்டியிருந்தாங்க, பாக்க ஒரே மாதிரி இருந்தாலும்.

சீனியருக்கு இது எல்லாம் தெரியும். ஆனா பட்டியல மாத்தல. அவர் சொன்ன காரணத்த நான் குறை சொல்லவே மாட்டேன்: "வலதுன்னு எழுதுனாலும் இன்கொம்ப்டான்னு எழுதுனாலும் நம்பர் ஒண்ணுதானம்மா, பழைய டேட்டாவோட சேக்கவும் வசதி." தெற்குப் பெருங்கடல்ல அது சரிதான். அங்க வலது பக்கம் சுத்தற நாலு அறை ஓடு கிடைச்சா அது பெரும்பாலும் இன்கொம்ப்டாதான். சிக்கல் என்னன்னா அந்தச் சமன்பாடு அந்தக் கடலுக்கு மட்டும்தான் உண்மை, பட்டியலப் பாத்தா அது தெரியாது.

முதல் எண்ணிக்கையில தெரிஞ்சது

ஸ்டூடண்ட் ஏறக்குறைய ஒரு வருஷம் எண்ணுனா. கடுமையான உழைப்பு, ஸ்லைடு ஒவ்வொண்ணும் அவ்வளவு நேர்த்தியா அடுக்கியிருந்தா. கிராஃப் போட்டதும் ரெண்டு கோர்லயும் ஒரே மாதிரி ஒரு மேடு. சுமார் 1,20,000 வருஷத்துக்கு முன்னாடி பாக்கிடெர்மா வலது ஏறுது, கூடவே இன்டர்கிரேட் கட்டமும் ஏறுது. தெற்குலயும் ஏறுது, நிலநடுக்கோட்டுலயும் ஏறுது.

இதுக்கு அவ எழுதுன விளக்கம் அழகா இருந்துச்சு, அதான் ஆபத்து. கடைசி வெப்ப இடைக்காலத்துல (ரெண்டு பனிக்காலத்துக்கு நடுவுல வந்த சூடான காலம்) ரெண்டு கடலும் சேந்து மாறுச்சு, பாக்கிடெர்மாவுக்கும் டுடெர்ட்ரைக்கும் நடுவுல உள்ள வடிவங்கள் அந்த நேரத்துல பெருகுச்சு, அதனால துருவ இனத்துக்கும் வெப்பக் கடல் இனத்துக்கும் நடுவுல ஒரு உருவத் தொடர்ச்சி இருக்கு, நாம பரிணாமம் நடக்குற கணத்தப் பாக்குறோம். கான்ஃபரன்ஸுக்கு சுருக்கமும் அனுப்பியாச்சு.

நம்பும்படியா இருந்ததுக்கு காரணமும் உண்டு. வெப்பக் கடல் ஃபோராம் துருவம் வரைக்கும் போன சம்பவம் கடல் வரலாற்றுல நிஜமாவே இருக்கு, 5 கோடியே 60 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி பேலியோசீன் முடியுற நேரத்துல திடீர்னு சூடேறுனப்ப அகாரினினா மாதிரி வெதுவெதுப்பு விரும்பிங்க அண்டார்டிக்கா பக்கம் மாட் ரைஸ்ங்கற கடலடி மேடு வரைக்கும் பெருகியிருக்கு, அங்க ஆழ்கடல் துளையிடும் திட்டம் போட்ட 690-ஆவது துளையில அது பதிவாயிருக்கு. குளோபிஜெரினா புல்லாய்டிஸ் மாதிரி சில இனத்துல வடதுருவப் பக்க கூட்டமும் தென்துருவப் பக்க கூட்டமும் ஒரே மரபு வரிசைய வச்சிருக்கறதா 2000-ல வந்த ஆய்வு சொல்லுது, அதாவது வெப்பக் கடலத் தாண்டி கலப்பு நடந்திருக்கு. அதனால "ரெண்டு கடலும் பேசிக்கிட்டுச்சு"ன்னு ஒருத்தர் சொன்னா யாரும் எந்திரிச்சு கத்தப்போறதில்ல.

சந்தேகம் வந்தது எப்படி

என்ன 10 சாம்பிள மட்டும் திரும்ப எண்ணச் சொன்னாங்க. எந்தக் கோர், எந்த ஆழம்னு லேபிள மறைச்சு குடுத்தாங்க, வழக்கமான சரிபார்ப்புதான். குளோபிஜெரினாய்டிஸ், குளோபோரோட்டாலியா மாதிரி மத்த ஃபோராம் எல்லாம் ரெண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒத்துப்போச்சு. இந்த நாலு கட்டத்துல மட்டும் சுத்தமா ஒத்துப்போகல. அவ வலது பாக்கிடெர்மா, இன்டர்கிரேட்னு போட்டதுல பாதிக்கு மேல நான் டுடெர்ட்ரைன்னு போட்டிருந்தேன். மறைச்சத பிரிச்சு பாத்தா வித்தியாசம் வந்த சாம்பிள் எல்லாம் நிலநடுக்கோட்டுக் கோர். தெற்குக் கோர்ல ரெண்டு பேருக்கும் பெருசா வேறுபாடு இல்ல.

என் பழக்கம் வெப்பக் கடல் சாம்பிள், அவளுக்கு கத்துக்குடுத்தது தெற்குக் கடல் ஆள். ரெண்டு பேரும் ஒரே ஓட்டப் பாத்து ஆளுக்கொரு பேரு சொன்னோம், ரெண்டு பேருமே உறுதியாத்தான் சொன்னோம்.

முதல்ல தப்பா தேடுன இடம்

எல்லாரும் மொதல்ல சந்தேகப்பட்டது திசைய. ஓட்ட ஸ்லைடுல ஒட்டும்போது தொப்புள் பக்கம் (சுருள் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், நடுவுல குழி இருக்கும்) மேல இருந்தா வலது இடதாவும் இடது வலதாவும் தெரியும், அப்படி ஒரு தட்டு முழுக்க தலைகீழா வாசிச்சிருக்கலாம்னு நெனச்சோம். ரெண்டு வாரம் போச்சு. எல்லா ஸ்லைடையும் ஈரத் தூரிகையால ஒவ்வொண்ணா புரட்டிப் பாத்தோம். அவ திசைல ஒரு தப்பும் பண்ணல. இத எழுதக் காரணம், அந்த ரெண்டு வாரமும் அவ நொறுங்கிப் போயிருந்தா, தப்பு தன் கைலதான்னு நெனச்சுக்கிட்டு. நாங்க பட்டியலத் தேடியிருக்கணும், ஆளத் தேடுனோம்.

ஊசியால உடைச்சுப் பாத்த நாள்

திருப்பம் ஒரு சின்ன வேலையில வந்துச்சு. வெப்பக் கடல் சாம்பிள்ல இருந்து சந்தேகமே இல்லாத ஒரு பெரிய டுடெர்ட்ரை எடுத்தோம், கடைசிச் சுத்துல 5, 6 அறை, நடுவுல அகலமா தொப்புள், அதுக்குள்ள நீட்டிக்கிட்டிருக்கற பல்லு மாதிரி ஒரு தகடு. அத ஒரு சொட்டுத் தண்ணில வச்சு, மெல்லிய ஊசியால கடைசி அறைய உடைச்சோம். அப்புறம் அதுக்கு முந்துன அறை. அப்புறம் அதுக்கும் முந்துனது. மூணு நாலு அறை போனதும் தகடு காணோம், தொப்புள் சுருங்கிருச்சு, மிச்சம் இருந்தது உருண்டையா நாலு அறையோட வலது பக்கம் சுத்துற ஒரு பொடி ஓடு.

அவ மைக்ராஸ்கோப்ல இருந்து தலைய எடுக்காமலே சொன்னா, "அக்கா, இதத்தான் நான் ஒரு வருஷமா பாக்கிடெர்மா வலதுன்னு எண்ணிக்கிட்டிருந்தேன்."

அதுக்கப்புறம் அன்னிக்கு இன்னும் சிலத உடைச்சோம். ஒவ்வொண்ணும் அதே கததான் சொல்லுச்சு. டுடெர்ட்ரையோட குழந்தப் பருவம் பாக்க இன்கொம்ப்டா மாதிரி, கொஞ்சம் வளந்தது இன்டர்கிரேட் மாதிரி, முழுசா வளந்ததுதான் டுடெர்ட்ரை. 125 மைக்ரான் சல்லடை போட்டதால குட்டிங்க எல்லாம் தட்டுக்கு வந்திருச்சு. குளிர் கடலுக்கு சரியான சல்லடை வெப்பக் கடல்ல எங்களுக்கு ஒரு புது இனத்தையே உண்டாக்கிக் குடுத்திருந்துச்சு.

எடுத்த முடிவுகள்

சீனியர் அன்னிக்கு சாயங்காலமே கூப்பிட்டு உக்கார வச்சார். கான்ஃபரன்ஸ் சுருக்கத்த வாபஸ் வாங்கிடலாம்னு மொதல் ஆளா சொன்னது அவர்தான். சின்னத் திருத்தத்தோட பேசிடலாமேன்னு நான் கேட்டேன், அவர் ஒத்துக்கல. தலைப்பே தப்பா இருக்கும்போது உள்ள என்ன திருத்துறதுன்னு கேட்டார். இப்ப யோசிச்சா அவர் சரி.

அடுத்தது சல்லடை. மறுபடி மொத்தமா 150-க்கு மாத்துனா குயின்குலோபா போயிரும், 125-லயே இருந்தா குட்டிங்க பிரச்சனை. அதனால 125-ல இருந்து 150 வரைக்கும் தனித் தட்டு, 150-க்கு மேல தனித் தட்டுன்னு பிரிச்சு, ரெண்டையும் தனித்தனியா எண்ணி, நியோகுளோபோகுவாட்ரினாவுக்கு மட்டும் 150-க்கு மேல உள்ளத மட்டும் ஒப்பிடறதுன்னு வச்சோம். வேல ரெண்டு மடங்கு ஆச்சு. வேற வழி தெரியல.

இன்டர்கிரேட் கட்டத்த எடுத்துட்டோம். அதுக்குப் பதிலா "தெரியல"ன்னு ஒரு கட்டம். பேருல என்ன இருக்குன்னு தோணலாம், ஆனா இன்டர்கிரேட்னு ஒரு பேரு குடுத்ததும் அது இயற்கையில இருக்கற ஒரு பொருள் மாதிரி ஆயிருது, கிராஃப்ல கோடா வருது, அப்புறம் அதுக்கு விளக்கம் தேட ஆரம்பிச்சிடறோம். "தெரியல"ங்கற கோடு ஏறுனா யாரும் பரிணாமம்னு எழுத மாட்டாங்க, எண்ணுறவங்க கிட்ட போய் என்ன ஆச்சுன்னுதான் கேப்பாங்க.

நாலாவதுதான் எனக்கு முக்கியமா பட்டது. பேரு வைக்கறத நிறுத்திட்டு அளக்கறதுன்னு முடிவு பண்ணோம்.

அளந்து பாத்தப்ப

இதுக்கு ஒரு முன்மாதிரி இருந்துச்சு. இந்தியப் பெருங்கடல்ல நைன்டிஈஸ்ட் ரிட்ஜ்ங்கற கடலடி மலைத்தொடர் மேல 1972-ல துளை போட்ட டிஎஸ்டிபி (ஆழ்கடல் துளையிடும் திட்டம்) 214-ஆவது இடத்துல இருந்து குளோபோரோட்டாலியா ப்ளெசியோதுமிடாங்கற இனம் எப்படி துமிடாவா மாறுச்சுன்னு மால்ம்கிரென், பெர்க்ரென், லோமன் மூணு பேரும் 1983-ல காட்டுனாங்க. அவங்க செஞ்சது என்னன்னா இது பழசு இது புதுசுன்னு கட்டத்துல போடாம, ஒவ்வொரு சாம்பிள்லயும் ஓட்டோட வடிவத்த அளந்து, அந்தக் கூட்டத்தோட சராசரி எப்படி நகருதுன்னு பாத்தாங்க. ரொம்ப காலம் பெருசா அசையாம இருந்து, மயோசீன் முடிஞ்சு பிளயோசீன் தொடங்கற எல்லையை ஒட்டி சுமார் 6 லட்சம் வருஷத்துக்குள்ள கூட்டம் மொத்தமா நகந்து, மறுபடி நின்னுருச்சு. நிஜமான உருவ மாற்றம்னா அப்படித்தான் தெரியணும்: ஒரு சாம்பிள்ல உள்ள ஓடுகளோட அளவ கிராஃப் போட்டா ஒரே மேடு, அது சாம்பிளுக்கு சாம்பிள் நகரணும். ரெண்டு இனம் கலந்து கெடந்தா ரெண்டு மேடு இருக்கும், மேடு நகராது, ஒண்ணு ஏறி ஒண்ணு எறங்கும்.

நாங்க மூணு விஷயத்த அளந்தோம்: ஓட்டோட அதிகபட்ச நீளம், கடைசிச் சுத்துல எத்தன அறை, தொப்புள் எவ்வளவு அகலம். சந்தேகப்பட்டத எஸ்இஎம்ல (எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்) வச்சு சுவரையும் பாத்தோம், ஏன்னா வளந்த பாக்கிடெர்மாவும் இன்கொம்ப்டாவும் வெளிய கனமா ஒரு படிகப் பூச்சு போட்டுக்கும், குட்டி டுடெர்ட்ரைக்கு சுவர் மெல்லிசா இருக்கும். வகைப்பாட்டுல சுவருக்கு இவ்வளவு மதிப்பு குடுக்கறதுக்கு காரணம் இருக்கு. வெளிவடிவம் நம்மள ஏமாத்தும், பேலியோஜீன் காலத்து மொரோசோவெல்லாவும் இன்னிக்கு இருக்கற குளோபோரோட்டாலியாவும் விளிம்புல கீல் (கூரான வரம்பு) வச்சு கிட்டத்தட்ட ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கும், ஆனா ரெண்டும் வேற வேற கிளை, கோடிக்கணக்கான வருஷ இடைவெளியில தனித்தனியா அந்த வடிவத்துக்கு வந்தது. சாக்குலிஃபர்ங்கற இனத்த குளோபிஜெரினாய்டிஸ்ல இருந்து எடுத்து ட்ரைலோபேட்டஸ்னு தனிப் பேரினத்துல வச்சதுலயும் சுவர் அமைப்பும் மரபு ஆதாரமும்தான் பேசுச்சு.

முடிவு ரெண்டு கோர்லயும் ரெண்டு விதமா வந்துச்சு.

நிலநடுக்கோட்டுக் கோர்ல அறை எண்ணிக்கைய நீளத்துக்கு எதிர போட்டதும் எல்லாப் புள்ளியும் ஒரே வளைவுல வந்து உக்காந்துச்சு. சின்னதுல நாலு, பெருசாக பெருசாக அஞ்சு, ஆறு. நடுவுல இடைவெளியே இல்ல. ஒரே இனம் வளருற பாதை அது. நாங்க ஒரு உயிரியோட வளர்ச்சிய ஒரு கிளையோட பரிணாமம்னு படிச்சிருந்தோம்.

அப்ப அந்த மேடு ஏன் ஒரு குறிப்பிட்ட ஆழத்துல மட்டும் வந்துச்சு? அதுக்கு உடைஞ்ச துண்டுகள எண்ணுனோம். மேட்டுக்கு மேலயும் கீழயும் உள்ள சாம்பிள்ல துண்டு நெறைய, மேடு இருந்த எடத்துல துண்டு கம்மி, ஓடு பளபளன்னு நல்லா இருந்துச்சு. ஆழ்கடல் தண்ணி சுண்ணாம்பக் கரைக்கும், மெல்லிய ஓடுதான் முதல்ல போகும், குட்டிங்க சுவர்தான் இருக்கறதுலயே மெல்லிசு. அதனால மத்த சாம்பிள்ல குட்டிங்க கரைஞ்சு போயிருக்கு, இந்த ஆழத்துல மட்டும் தப்பிச்சிருக்கு. அந்த மேடு காட்டுனது பாதுகாப்பு எங்க நல்லா இருந்துச்சுங்கறத.

தெற்குக் கோர்ல கத வேற. அங்க டுடெர்ட்ரை தேடுனாலும் கிடைக்கல, இன்டர்கிரேட்னு போட்டது எல்லாம் கடைசில நாலரை அறை வரைக்கும் வளந்த இன்கொம்ப்டா. அதோட உண்மையான பாக்கிடெர்மா, இடது சுத்தறது, தன் பாட்டுக்கு தனி மேடா நின்னுச்சு. மேடு நகரல. ஒண்ணு எறங்குன நேரத்துல இன்னொண்ணு ஏறுச்சு, அவ்வளவுதான், ரெண்டு இனம் எடம் மாறியிருக்கு.

ரோஸ் நிற ரூபரும் வயசுக் கணக்கும்

இதோட முடிஞ்சிருச்சுன்னு நெனச்சோம். அப்பதான் இன்னொரு ஓட்டை தெரிஞ்சுது, அதுவும் அதே பட்டியலாலதான்.

குளோபிஜெரினாய்டிஸ் ரூபர்ல வெள்ளையும் உண்டு, ரோஸும் உண்டு. ரோஸ் வகை அட்லாண்டிக்ல இன்னிக்கும் இருக்கு, ஆனா இந்தியப் பெருங்கடல்லயும் பசிஃபிக்லயும் சுமார் 1,20,000 வருஷத்துக்கு முன்னாடி மறைஞ்சு போச்சு. 1979-லயே இது எழுதப்பட்டாச்சு, வெப்பக் கடல் ஆளுங்களுக்கு இது வயசு காட்டுற குறி. எங்க பட்டியல்ல "ரூபர்"னு ஒரே ஒரு கட்டம்தான், துணைத்துருவக் கடல்ல ரூபரே அபூர்வம், அதுல நிறம் பிரிச்சு என்ன ஆகப்போகுது. நான் லேபிள் மறைச்சு எண்ணுனப்பகூட கொடுத்த ஃபார்ம்ல கட்டம் இல்லாததால வெள்ளையோட சேத்து போட்டுட்டேன், அது என் தப்பு.

ஸ்லைடு எல்லாம் பத்திரமா இருந்ததால ரூபர மட்டும் திரும்பப் பாத்தோம். நிறம் எல்லா ஓட்டுலயும் ஒரே மாதிரி இருக்காது, சிலதுல முதல் சுத்து அறைகள்ல மட்டும் லேசா ஒரு செம்மை, காஞ்சு இருக்கும்போது தெரியாம, ஒரு சொட்டுத் தண்ணி வச்சதும் தெரிஞ்சுது. ஆழமா போனப்ப ஒரு இடத்துல ரோஸ் ஆரம்பிச்சுது. எங்க வயசுக் கணக்குப்படி அந்த இடம் சுமார் 1,60,000 வருஷம். ரோஸ் சொல்றது 1,20,000.

காரணம் கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகல. கார்பன் தேதி சுமார் 50,000 வருஷத்துக்கு மேல எட்டாது, அதுக்குக் கீழ படிவு அதே வேகத்துல விழுந்திருக்கும்னு கோட்ட நீட்டி வச்சிருந்தோம். ஆனா கீழ படிவு வேகமா விழுந்திருக்கு. ஓட்டுல இருக்கற ஆக்சிஜன் ஐசோடோப்ப (பனிக்காலத்தையும் இடைக்காலத்தையும் பிரிச்சுக் காட்டுற அளவு) இன்னும் நெருக்கமான இடைவெளியில அளந்ததும் ரோஸ் சொன்னதுதான் சரின்னு ஆச்சு. அப்ப நிலநடுக்கோட்டுல நாங்க பாத்த மேடு கடைசி வெப்ப இடைக்காலமே கிடையாது, அதுக்கு ரொம்ப பிந்துனது. ரெண்டு கடலும் சேந்து மாறுச்சுங்கற வாக்கியத்துல "சேந்து"ங்கறதும் போச்சு.

தெற்குக் கோரோட வயசையும் விடக்கூடாதுன்னு ரேடியோலேரியா நண்பர்கிட்ட அதே சாம்பிள்கள குடுத்தோம். சைக்ளாடோஃபோரா டேவிசியானான்னு ஒரு சிலிக்கா ஓட்டு இனம் இருக்கு, தெற்குல பனிக்காலத்துல அதோட பங்கு தூக்கலா ஏறும், இடைக்காலத்துல எறங்கும். 1976-ல ஹேய்ஸ், இம்ப்ரி, ஷேக்கிள்டன் மூணு பேரும் பூமியோட சுற்றுப்பாதை மாற்றம்தான் பனியுகத்துக்கு தாளம் போடுதுன்னு காட்டுனப்ப தெற்கு இந்தியப் பெருங்கடல் கோர்ல எண்ணுன கோடுகள்ல இதுவும் ஒண்ணு. சுண்ணாம்பு கரையறது இத பாதிக்காது, அதனால சுயேச்சையான சாட்சி. இன்கொம்ப்டா ஏறுன அதே இடத்துல டேவிசியானா அடிமட்டத்துல கெடந்துச்சு. ஐசோடோப்பும் அதையே சொல்லுச்சு. அந்த வயசு நின்னுருச்சு.

கடைசில என்ன நின்னுச்சு

தெற்குக் கோர்ல வெப்ப இடைக்காலத்துல இன்கொம்ப்டா பெருகி பாக்கிடெர்மா கொறைஞ்சது நிஜம். கடல் முகப்பு (குளிர் தண்ணியும் வெதுவெதுப்பான தண்ணியும் சந்திக்கற எல்லை) தெற்கு நோக்கி நகந்திருக்கு, ரெண்டு இனமும் தன் தன் தண்ணியோட சேந்து நகந்திருக்கு. புதுசா யாரும் பொறக்கல. நிலநடுக்கோட்டு மேடு முழுசா போயிருச்சு. பரிணாம விளக்கம் முழுசா போயிருச்சு.

ஸ்டூடண்டுக்கு ஏறக்குறைய 8 மாசம் கூடுதலா ஆச்சு. நடுவுல ஒரு சமயம் வேற தலைப்புக்குப் போயிடலாமான்னு கேட்டா. சீனியர்தான் அந்த அத்தியாயத்தையே மாத்தி எழுதச் சொன்னார்: ஒரே இனம் வளர்றது, ரெண்டு இனத்த கலந்து எண்ணுறது, ஓடு கரையறது இந்த மூணும் எப்படி பரிணாமம் மாதிரி வேஷம் போடும்னு. உடைச்ச டுடெர்ட்ரையோட படங்கள் வரிசையா அதுல முதல் படமா போட்டிருக்கா, அறை ஒண்ணொண்ணா கொறைஞ்சு வர்ற மாதிரி. தேர்வாளர்கள் அந்தப் படத்துக்கிட்டதான் ரொம்ப நேரம் நின்னாங்க.

இனிமே மாத்துறது

கோர் கைக்கு வந்ததும் எண்ண ஆரம்பிக்கறத விட்டுட்டோம். முதல்ல மேல, நடுவுல, கீழன்னு மூணு சாம்பிள ரெண்டு வேற கடல்ல பழகுன ஆளுங்க தனித்தனியா பேரு வச்சு, ஒத்துப்போகாத ஓட்ட எல்லாம் ஒரே ஸ்லைடுல வச்சு பேசித் தீத்த பிறகுதான் பட்டியல் எழுதறோம். பட்டியல்ல ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல "இது எந்தக் கடலுக்கு செல்லும்"னு ஒரு வரி. பாக்கிடெர்மா வலதுங்கற பேரு லேப்ல இனிமே கிடையாது, பழைய டேட்டாவ எடுத்தா அது எந்த அட்சரேகைன்னு பாத்துட்டுதான் இன்கொம்ப்டாவா மாத்துறோம், வெப்பக் கடல்னா மாத்தாம ஸ்லைடையே தேடிப் போறோம்.

துண்டு எண்ணிக்கை இப்ப எல்லா சாம்பிளுக்கும் கட்டாயம். ஐசோடோப்புக்கு ஓடு பொறுக்கும்போது இடதும் வலதும் கலந்து அனுப்புனது முன்னாடி நடந்திருக்கு, அத முழுசா நிறுத்தியாச்சு, ரெண்டும் வேற இனம்னா கலந்து வர்ற எண்ணுக்கு அர்த்தமே இல்ல. ரூபர்ல நிறம் பிரிக்காம வெப்பக் கடல் சாம்பிள் எதையும் முடிஞ்சதா கணக்குல எடுத்துக்கறதில்ல. சுருக்கம் அனுப்பறதுக்கு முன்னாடி மறைச்சு எண்ணுன ரெண்டாவது எண்ணிக்கை கைல இருக்கணும், நாங்க அத அனுப்புன பிறகு செஞ்சதுதான் இவ்வளவு வலிக்கு காரணம்.

அடுத்த கோர் இன்னும் தெற்கே, சுண்ணாம்பு ஓடே அதிகம் மிஞ்சாத இடம். அங்க ஃபோராம நம்ப முடியாது, ஃப்ராகிலாரியாப்சிஸ் கெர்குலென்சிஸ் மாதிரி டயட்டம் (சிலிக்கா ஓடு உள்ள பொடிப் பாசி)தான் பேசணும். அதுக்கான பட்டியல டயட்டம் ஆளுங்களோட உக்காந்து இப்பவே எழுத ஆரம்பிச்சிருக்கோம். இந்த ரெண்டு கோர்ல இருந்து "தெரியல" கட்டத்துல 30 சொச்சம் ஓடு மிச்சம் இருக்கு, அளந்தும் சுவரைப் பாத்தும் எங்களால பேரு வைக்க முடியாதது. தனி ஸ்லைடுல, ஒவ்வொரு கட்டத்துலயும் ஆழம் எழுதி வச்சிருக்கோம். ஸ்டூடண்ட் இப்பவும் லேபுக்கு வர்ற புது ஆளுங்களுக்கு முதல் நாள் அந்த ஸ்லைடத்தான் எடுத்து மைக்ராஸ்கோப்ல வைக்கறா.